பால்பற்கள் முளைத்த வீடு

பிள்ளை பார்க்கும் வேலைக்கு மோகனா வந்தது தற்செயலாகத்தான். அதற்கு முன் ஆயர் குரோவில், கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். புலாவ் செபாங் தாமான் குடியிருப்பிலிருந்து விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவாள். இடுப்பில் வலி வந்து, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை இனி வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அதை விட்டாள். கணவர் மணியம் ரயில் பாதையைப் பராமரிக்கும் குழுவில் இருந்தார். பிள்ளைகள் இருவரும் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். பகலில் வீடு வெறிச்சென்று கிடந்தது. இயந்திரச் சத்தத்திலேயே பழகியவளுக்கு அந்த அமைதி ஒத்துவரவில்லை.

பின் வரிசையில் குடியிருந்த உஷாராணி தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தாள். பிரசவ விடுப்பு முடிந்ததும், வேறு ஆள் கிடைக்கும் வரை ஒரு மாதம் மட்டும் தன் மகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மோகனாவிடம் கேட்டாள். அந்த ஒரு மாதம் முடியவேயில்லை. உஷாராணி சொல்லி இன்னொருத்தி வந்தாள், அவள் சொல்லி வேறொருத்தி. கூடம் தொட்டிலும் பாயுமாக நிறைந்துபோனது. மணியம் வாசல் பக்கம் கம்பித் தடுப்பு ஒன்று அடித்துக் கொடுத்தார். மோகனா முறையாகப் பெயரைப் பதிந்துகொண்டு, பிள்ளை பராமரிப்புப் பயிற்சிக்கும் போய் வந்தாள்.

அந்தப் பயிற்சியில் அவள் மனத்தில் ஆழமாகத் தங்கியது ஒன்றுதான். அரசாங்கப் பல் கிளினிக்கிலிருந்து வந்திருந்த ஹஸ்லினா என்ற பல் தாதி, எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவள், ஒரு பொம்மையின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டி, பால்பல் எப்படிக் கெடுகிறது என்று விளக்கினாள். முதலில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தடவியது போல் ஒரு வெள்ளைக் கோடு வரும். அது பழுப்பாகும், பிறகு குழி விழும். தூங்கும்போது வாயில் பால் போத்தல் இருந்தால் மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் போகும் என்று சொன்னாள். மற்றவர்கள் தேநீர் இடைவேளைக்கு எழுந்து போன பிறகும் மோகனா அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பொய்ப்பல். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் அவள். தாய் பால்மரம் வெட்டப் போகும்போது ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தி. அழுத பிள்ளைக்குச் சீனி சேர்ந்த டின்பாலைக் கரைத்துப் போத்தலில் கொடுத்தால் தூங்கிவிடும். அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். பால்பற்கள் கறுத்துக் கரைந்தன. பின்னால் முளைத்தவை கோணலாக முளைத்து, அவையும் சொத்தையாகின. கல்யாணத்துக்கு முன்பே நான்கையும் பிடுங்கிப் பொய்ப்பல் வைத்துக்கொண்டாள். இது மணியத்துக்குத் தெரியும். அவரைத் தவிர வேறு யார் முன்னும் அவள் அதைக் கழற்றியதில்லை.

அதனால்தானோ என்னவோ, பிள்ளைகளின் வாய் விஷயத்தில் மோகனா விட்டுக்கொடுக்கமாட்டாள். உஷாராணியின் மகளுக்குப் பல் முளைக்கும் பருவம் வந்தபோது, குழந்தை சட்டை நனைய எச்சில் வடித்தது. தொட்டில் கம்பியிலிருந்து மணியத்தின் விரல் வரைக்கும் கிடைத்ததையெல்லாம் கடித்தது. ஈறில் தடவச் சொல்லி உஷாராணி கடையிலிருந்து ஏதோ மருந்து வாங்கி வந்தாள். மோகனா அதை வாங்கி மேலே வைத்துவிட்டு, சுத்தமான துணியை நனைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்துக் கடிக்கக் கொடுத்தாள். கை கழுவி, விரல் நுனியால் ஈறை மெல்லத் தேய்த்துவிட்டாள். குழந்தை அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

அந்த வாரமே அதற்குக் காய்ச்சல் கண்டது. பல் முளைக்கிற காய்ச்சல், தானாகப் போய்விடும் என்று உஷாராணி இருந்துவிட்டாள். உடம்பு இப்படிக் கொதிப்பதற்குப் பல் காரணமாக இருக்காது, கிளினிக்கில் காட்டு என்று மோகனா பிடிவாதமாக அனுப்பி வைத்தாள். காதில் சீழ் வைத்திருந்தது. அதன் பிறகு உஷாராணி அவள் பேச்சைத் தட்டுவதில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பல் துலக்கும் வேளை வரும். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மோகனாவின் மடியில் தலை வைத்துப் படுப்பார்கள். சின்னதுகளுக்கு ஓர் அரிசி அளவுதான் பற்பசை. வாய் திறக்க மறுக்கும் பிள்ளைக்கு ரயில் விளையாட்டு. பின்பல்லில் ரயில் கிளம்பும், ரெம்பாவ் வரும், சிரம்பான் வரும், எல்லா ஸ்டேஷனிலும் நின்றுதான் போகும். வேகமாகப் போகச் சொல்லி ஒரு பிள்ளை கையை ஆட்டினால், பயணிகள் இன்னும் இறங்கவில்லை என்பாள்.

பிரவின் அங்கே வந்தபோது அவனுக்கு இரண்டு வயது. அவன் தாய் திவ்யதர்ஷினி, மோகனா முன்பு ஏறிப்போன அதே வழித்தடத்தில் கம்பெனி பஸ் ஏறி, ஆயர் குரோவில் ஒரு மின்னணுப் பொருள் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கணவன் காந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒரு வாரக் கடைசியில்தான் வருவான். பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், சமைத்து, துவைத்துப் படுப்பாள் திவ்யா. போத்தலை வாயில் வைத்தால் பிரவின் தூங்கிவிடுவான். இடையில் விழித்தால் இன்னொரு போத்தல். அவனுக்குச் சாதாரணப் பால் பிடிக்கவில்லை என்று அதில் டின்பாலும் கொஞ்சம் ஊற்றுவாள்.

மோகனா முதல் வாரத்திலேயே அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைக் கோடு இருந்தது. போத்தலைக் குறைக்கச் சொல்லி இரண்டொரு முறை ஜாடையாகச் சொன்னாள். திவ்யா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சில மாதங்களில் கோடு பழுப்பானது. ஒரு நாள் பல் துலக்கும்போது பிரவின் அலறிக்கொண்டு தலையைத் திருப்பினான். பிரஷ் பட்ட இடத்தில் பல்லின் ஓரம் உதிர்ந்திருந்தது.

அன்று மாலை திவ்யா வாசல் கேட்டில் வந்து நின்றபோது, உஷாராணியும் தன் மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு அங்கேயே இருந்தாள். மோகனா பகல் முழுக்க மனத்தில் வைத்துக் குமைந்ததை அப்படியே கொட்டிவிட்டாள்.

“திவ்யா, இவன் பல்ல பாத்தியா? உதிரவே ஆரம்பிச்சிருச்சு. எத்தன வாட்டி சொன்னேன், போத்தலோட தூங்க வைக்காதன்னு.”

உஷாராணி குனிந்து பிரவினின் வாயைப் பார்த்தாள். திவ்யாவின் முகம் மாறிப்போனது.

“பால் பல்லுதானேக்கா, எப்படியும் விழத்தானே போவுது,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நான் புள்ளைய சரியா பாக்கலன்னு எல்லார் முன்னுக்கும் சொல்றீங்களா?” என்று கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த வாரம் பிரவின் வரவில்லை. தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஒரு பராமரிப்பு மையத்தில் இடம் கிடைத்துவிட்டதாகக் கைப்பேசியில் செய்தி மட்டும் வந்தது.

மோகனா அன்று மணியத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சொன்னதை மற்றவர்கள் சொல்லியிருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். “நீ சொன்னது சரிதான்லா. கேட்டுல வச்சு சொன்னதுதான் சரியில்ல. வேல முடிஞ்சு வந்து நிக்கிறவ அவ.”

அது அவளுக்கும் தெரிந்தேதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதுவாள், அழித்துவிடுவாள். கடைசியில் பிரவின் நன்றாக இருக்கிறானா என்று மட்டும் கேட்டு அனுப்பினாள். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. பல் துலக்கும் வேளையில் ஒரு பிள்ளை குறைவது அவளுக்குத் தினமும் உறுத்தியது.

மழைக்காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மோகனா பசாருக்குப் போயிருந்தாள். கோலா சுங்கை பாருவிலிருந்து மீன் கொண்டுவரும் வியாபாரியிடம் கெம்போங் மீன் எடுத்துக்கொண்டிருந்தபோது, கறிகாய்க் கடைப்பக்கம் திவ்யா நின்றிருந்தாள். தோளில் பிரவின் சாய்ந்திருந்தான். அவன் மேலுதடும் ஒரு பக்கக் கன்னமும் வீங்கியிருந்தன.

திவ்யா அவளைப் பார்த்ததும் திரும்பி நடக்கப் பார்த்தாள். மோகனா மீன் பையை வியாபாரியிடமே விட்டுவிட்டு அவள் பின்னால் போனாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வா, கஞ்சி வைத்துத் தருகிறேன் என்றாள். பிரவின் கண்ணைத் திறந்து, “ஆன்ட்டி,” என்று அவள் பக்கம் கையை நீட்டினான். அதற்கு மேல் திவ்யாவால் மறுக்க முடியவில்லை.

கஞ்சி ஆறும் நேரத்தில் திவ்யா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். முந்தின நாள் கிளினிக்குக்குப் போனாளாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, பல் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அங்கே போகப் பயம். பிள்ளைக்கு என்ன செய்வார்களோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற பயம். காந்தனிடம்கூட வீக்கத்தைப் பற்றி முழுதாகச் சொல்லவில்லை.

மோகனா எழுந்து கழுவுதொட்டிப் பக்கம் போனாள். திரும்பி வந்து திவ்யாவின் எதிரே உட்கார்ந்தபோது பொய்ப்பல் அவள் கையில் இருந்தது. உதடு உள்ளே வாங்கி, முகமே வேறாகத் தெரிந்தது. திவ்யா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

“எங்கம்மா என்னய பாக்காம விட்டவங்க இல்ல,” என்றாள் மோகனா. பல் இல்லாததால் வார்த்தைகள் கொஞ்சம் குழறின. “வேலைக்குப் போனவங்க. தப்புன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. ஒனக்கு நான் சொன்னேன். ஆனா நாலு பேர் முன்னுக்கு வச்சு சொன்னேன். அதுக்கு நீ கோவப்பட்டது ஞாயந்தான்.”

திவ்யா அழுதாள். பிரவின் கஞ்சிக் கரண்டியைப் பிடித்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மோகனாவின் கையில் இருந்ததைக் காட்டி, அது யாருடைய பல் என்று கேட்டான். மோகனா சிரித்துவிட்டாள். திவ்யாவும் அழுகையோடே சிரித்தாள்.

மறுநாள் திவ்யா விடுப்பு எடுத்தாள். உஷாராணி பள்ளியில் சொல்லிவிட்டு வந்து, மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மணியம் தன் காரில் மோகனாவையும் திவ்யாவையும் பிரவினையும் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே இருந்தது அதே ஹஸ்லினா மிஸ்ஸி. மோகனாவை அவளுக்கு நினைவில்லை, ஆனால் பயிற்சியில் பேசிய அதே நிதானமான குரலில் பேசினாள். பிள்ளை எப்படித் தூங்குகிறான், போத்தலில் என்ன ஊற்றுகிறீர்கள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். திட்டவில்லை. காசியான் அடேக், பாவம் பிள்ளை என்று பிரவினின் கன்னத்தைத் தொட்டாள்.

டாக்டர் இளம் வயதுப் பெண். வீக்கம் வற்ற முதலில் மருந்து கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். முன்பற்கள் இரண்டையும் எடுத்துத்தான் ஆகவேண்டும், மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம் என்றார். விழப்போகிற பல்லுக்கு இவ்வளவும் தேவையா என்று திவ்யா தயங்கித் தயங்கிக் கேட்டாள். டாக்டர் மலாயில் பொறுமையாக விளக்கினார். பிள்ளை சாப்பிடுவதும் பேசப் பழகுவதும் இந்தப் பற்களை வைத்துத்தான். அடியில் காத்திருக்கும் பெரிய பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் இவைதான். இங்கே சீழ் வைத்தால் கீழே இருப்பதற்கும் கேடு வரலாம்.

அடுத்த வாரம் திவ்யா நாற்காலியில் சாய்ந்து பிரவினை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அழுதான், ஆனால் மோகனா பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. மிஸ்ஸி மற்றப் பற்களுக்கு மருந்து தடவினாள். திரும்பும் வழியில் காரிலேயே பிரவின் தாயின் மேல் சாய்ந்து தூங்கிப்போனான். வலியில்லாமல் அவன் தூங்கிப் பல நாளாகிவிட்டது என்று திவ்யா சொன்னாள். வீடு வரும்வரை அவனை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பல்லை எடுப்பதைவிடப் போத்தலை எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பிரவின் மறுபடியும் மோகனா வீட்டுக்கே வந்தான். அவள் பகல் தூக்கத்தில் தொடங்கினாள். டின்பாலை முதலில் நிறுத்தினாள். பிறகு பாலில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள். ஒரு கட்டத்தில் அவன் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ஆன்ட்டி, பால் எங்க போச்சு?” என்று கேட்டான். பால் இனி கப்பில்தான் வரும், போத்தலுக்கு வராது என்றாள். அவன் அதை யோசித்துவிட்டு, போத்தலைத் தூக்கி எறிந்தான். மறுபடியும் எடுத்துக் கட்டிக்கொண்டான்.

திவ்யாவின் வீட்டில்தான் சிக்கல். களைத்து வருகிறவளால் அழும் பிள்ளையோடு எவ்வளவு நேரம் போராட முடியும்? மோகனாவே ஒரு வழி சொன்னாள். இராச் சாப்பாட்டையும் கப்பில் பாலையும் இங்கேயே கொடுத்து, பல்லும் துலக்கிவிட்டே அனுப்பிவிடுகிறேன், வீட்டில் அவன் கேட்டால் வெறும் தண்ணீர் மட்டும் கொடு என்றாள். முதல் சில நாட்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டிக் கேட்கும் அளவுக்கு அழுதானாம். பிறகு திவ்யா பக்கத்தில் படுத்துக்கொண்டு தொழிற்சாலைக் கதை சொல்லத் தொடங்கினாள். பெல்ட்டில் ஊர்ந்து வரும் சின்னச் சின்னப் பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். அந்தக் கதையில் அவனுக்குத் தூக்கம் வந்தது, பல நாள் அவளுக்கு அவனுக்கு முன்பே வந்துவிட்டது.

நடுவில் காந்தன் வந்தான். பிள்ளை அழுவதைத் தாங்கமாட்டாமல் கடையில் புதுப் போத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டான். வாரக்கணக்கில் பட்ட பாடு அந்த இரண்டு நாளில் போனது. திவ்யா அவனோடு சண்டை போடவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்கு மருந்து தடவப் போக வேண்டிய நாளை, அவன் ஊரிலிருக்கும் நாளாகப் பார்த்துக் கேட்டு வாங்கினாள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்காரும் வேலையை அவனிடம் கொடுத்தாள். மிஸ்ஸி பிரவினின் உதட்டைத் தூக்கி, பல் இருந்த இடத்தையும் இன்னும் காப்பாற்ற வேண்டிய பற்களையும் காந்தனுக்குக் காட்டினாள். வீட்டுக்கு வந்ததும் காந்தன் புதுப் போத்தலைத் தானே எடுத்துக் குப்பையில் போட்டான்.

சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு அவன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டான். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கைப்பேசியில் கூப்பிடுவான். தங்கும் விடுதியின் கழுவுதொட்டி முன் நின்று அவன் பல் துலக்க, இந்தப் பக்கம் திவ்யாவின் மடியில் பிரவின் துலக்குவான். கூட இருக்கும் வேலையாட்களும் சில நாள் பிரஷோடு வந்து திரையில் தலைகாட்டுவார்கள். பிரவின் அவர்களையெல்லாம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுவான்.

முன்னால் இரண்டு பல் இல்லாததைப் பற்றி மற்றப் பிள்ளைகள் கேட்டபோது, அவன் யோசிக்காமல், “அது லீவுல போயிருக்கு. நான் ஸ்கூலுக்கு போனா வந்துரும்,” என்றான். சில எழுத்துகள் அவன் வாயில் காற்றாக வந்தன. சோறும் மீனும் பின்பல்லால் நன்றாக மென்றான். கன்னத்தில் சதை பிடித்தது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் புதுச் சொத்தை இல்லை என்று மிஸ்ஸி சொல்லும்போது, திவ்யா வெளியே வந்த உடனே மோகனாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள்.

மோகனாவும் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். கேட்டில் நின்று எந்தத் தாயிடமும் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வதில்லை. புதிதாகப் பிள்ளை சேர்க்க வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பாள். தேநீர் கொடுப்பாள். பிள்ளையை மடியில் படுக்க வைத்து, உதட்டை எப்படித் தூக்கிப் பார்ப்பது என்று அவர்கள் கையாலேயே செய்து பார்க்கச் சொல்வாள். பிரவினைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தால் பெயரைச் சொல்லமாட்டாள். அந்தக் கதையைப் பெயரோடு சொல்கிறவள் திவ்யாதான். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி தன் பிள்ளை போத்தல் இல்லாமல் தூங்கமாட்டேன் என்கிறது என்று புலம்பினால், மகனின் பொக்கை வாய்ப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து நீட்டிவிடுவாள்.

பிரவின் பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் அவனுக்கு ஒரு தங்கை பிறந்தாள். விடுப்பு முடிந்து திவ்யா வேலைக்குத் திரும்பியபோது குழந்தையும் மோகனா வீட்டுக்கே வந்தது. ஆறு மாதம் ஆனபோது எச்சிலும் எரிச்சலுமாகச் சில நாள் யாரையும் உட்கார விடவில்லை. ஒரு காலை, பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், திவ்யா குழந்தையை நீட்டினாள்.

“அக்கா, வந்துருச்சு போல இருக்கு. எனக்கு நிச்சயமா தெரியல. நீங்க தொட்டுப் பாருங்க.”

மோகனா கை கழுவிவிட்டு வந்து கீழ் ஈறைத் தடவினாள். விரல் நுனியில் சின்னதாக ஒரு கூர்மை தட்டியது. உள்ளேயிருந்து கரண்டி ஒன்றை எடுத்து வந்து அந்த இடத்தில் மெல்லத் தட்டினாள். கிணுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பிரவின் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டு, கடைசியில் கரண்டியை வாங்கித் தானே தட்டிப் பார்த்தான்.

திவ்யா கைப்பையைத் திறந்து, இன்னும் உறை பிரிக்காத குட்டி பிரஷ் ஒன்றை எடுத்தாள். போன மாதமே வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னாள். உறையைப் பிரித்து, தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் சாய்த்து, அந்த ஒற்றைப் பல்லைத் தானே முதலில் துலக்கினாள். குழந்தை பிரஷைக் கவ்விக்கொண்டு சிரித்தது. தெருமுனையில் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று திவ்யா எழுந்திருக்காமலே சொன்னாள். டிரைவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மோகனா செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாள்.